சிலிண்டர் கழுத்தில் ஒரு விரிசல்

ஸ்கூபா டைவிங்கில் ஆபத்து என்றவுடன் நமக்குக் கடலும் சுறாவும்தான் ஞாபகம் வரும். பழைய அலுமினிய சிலிண்டர் வெடித்த சம்பவங்களில் அடிபட்டவர்களோ கரையில், கடைக்குள் நின்று காற்று நிரப்பிக்கொண்டிருந்தவர்கள்!

எஃகு போல் துருப்பிடிக்காது என்பதால் 1970களில் அமெரிக்காவில் அலுமினிய சிலிண்டர்களுக்கு ஏக மவுசு. லக்ஸ்ஃபர் நிறுவனம் 1988 வரை அங்கே 6351 என்ற அலுமினியக் கலவையில்தான் அவற்றைச் செய்தது. வினை அந்தக் கலவையில் இருந்தது. காற்றை அடைத்துச் சும்மா வைத்திருந்தாலே, சிலவற்றின் கழுத்தின் உட்புறம் விரிசல் விழுந்து வருடக்கணக்கில் மெல்ல வளரும். உள்ளே சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு அழுத்தம். (கார் டயரில் சுமார் 30தான்.)

5 வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரை அழுத்தி ஒரு சோதனை செய்வார்கள். சிலிண்டர் எவ்வளவு விரிகிறது என்று அது அளக்கும்; கழுத்து விரிசல் அதில் தப்பிவிடலாம். அதைத் தேட எடி கரன்ட் என்ற மின்காந்தக் கருவி வந்தது. இந்தச் சிலிண்டர்களுக்கு அமெரிக்க அரசு அதைக் கட்டாயமாக்கியது 2007ல். ரொம்பவே தாமதம் என்பேன்.

அலுமினியம் எல்லாமே மோசம் என்று நினைத்துவிடாதீர்கள். பிறகு வந்த 6061 கலவையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் சில கடைகளில் சிலிண்டரின் தோளில் குத்தியிருக்கும் வருடத்தைப் பார்ப்பார்கள். 1990க்கு முந்தையது என்றால் நிரப்பாமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.