வழுவும் ஒட்டும்

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனிகளின் நடுவே வாழ்கிறவர்களுக்குச் செக்கிங் மேஜையைப் பற்றி ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தைத்து வந்த உருப்படியை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால், அவ்விடத்தின் மேலேயே சிறிய அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தனியே எடுத்து வைப்பது அங்கே வேலை செய்யும் பெண்களின் அன்றாட வழக்கம். பனியன் சரியில்லை என்று பொதுவாகச் சொல்வதால் அதைச் சீர்செய்ய உட்கார்ந்திருப்பவருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. பழுது இன்ன இடத்தில் என்று அம்பு காட்ட வேண்டும். கம்ப்யூட்டர் மொழிகளின் சரித்திரத்தில் நான் புகுந்தபோது, எவரும் எடுத்துப் பார்க்கலாம், எவரும் திருத்தி அனுப்பலாம் என்று மூலநிரலைத் திறந்து வைத்த மொழிகள் யாவும் இந்தச் சம்பிரதாயத்தின் மீதே வளர்ந்திருப்பதைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தேன்.

அப்படித் திருத்தி அனுப்புவதற்கு வழங்கும் 'ஒட்டு' (பேட்ச்) என்ற சொல்லே கம்ப்யூட்டர் உலகில் முதலில் உவமையாக வரவில்லை. 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய மார்க் ஒன்று என்னும் கணக்கு யந்திரத்திற்குக் கட்டளைகளைத் துளையிட்ட காகித நாடாவில் கொடுத்தார்கள். துளை தவறிப்போனால் அந்த இடத்தில் காகிதத் துண்டை ஒட்டி மூடினார்கள். அப்படி ஒட்டுப்போட்ட நாடாவின் படங்களைப் பார்த்தால், கிழிந்த வேட்டிக்கு நம் வீட்டுப் பாட்டிமார் போட்ட ஒட்டே நினைவுக்கு வருகிறது. நாடா மறைந்த பின்னும் பெயர் மறையவில்லை. 1985இல் லாரி வால் என்னும் அமெரிக்கர் அந்தப் பெயரையே தாங்கிய 'பேட்ச்' என்ற சிறு நிரலை வெளியிட்டார். முழு நிரலையும் திரும்ப அனுப்பாமல், மாறிய வரிகளை மட்டும், அவற்றின் மேலும் கீழும் உள்ள சில வரிகளை அடையாளமாக வைத்து அனுப்பினால், பெற்றுக்கொள்பவருடைய பிரதியில் அவ்வரிகள் தாமே உரிய இடத்தில் போய்ப் பொருந்திக்கொள்ளும். 1987இல் அவர் இயற்றிய பெர்ல் மொழியும், 1991இல் டச்சுக்காரரான கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியும், முன்பின் அறியாதவர்கள் அனுப்பிய இத்தகைய ஒட்டுகளாலேயே வலுப்பெற்றன.

நிரலின் பழுதுக்குத் தமிழ்க் கணிமையாளர் வழங்கும் பெயர் 'வழு'. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது என்பது என் அபிப்பிராயம். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு நேரும் இடங்களை ஏழாக வகுத்த நம் இலக்கணிகள், வழுவானாலும் ஒரு காரணம் பற்றி ஒப்புக்கொள்ளப்படுவதற்கு வழுவமைதி என்று பெயரிட்டார்கள். பட்டிக்குத் திரும்பும் பசுவைப் பார்த்து 'லட்சுமி வந்துட்டா' என்று நம் கொங்கு நாட்டுக் குடியானவர் உவப்பினால் உயர்திணையாக்கிச் சொல்வது அத்தகையதே.

இனி, பைத்தானில் நம் எழுத்துக்கு நேர்ந்த ஒரு வழுவைச் சொல்கிறேன். 2007இல், தேவநாகரி எழுத்தில் அமைந்த பாடத்தில் சொற்களைத் தேட முயன்ற ஒருவர், சொற்கள் துண்டு துண்டாக நறுக்கப்படுவதைக் கண்டு பதிவு செய்தார். தமிழுக்கும் அதே கதிதான். 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்து, இதிலுள்ள சொற்களைப் பொறுக்கித் தா என்று பைத்தானின் தேடல் தொகுதியைக் கேட்டால், 'தம' என்று ஒன்றும் 'ழ' என்று ஒன்றும் ஆக இரண்டைத் தருகிறது. மகரத்தின் இகரக் குறியும் ழகரத்தின் புள்ளியும் உதிர்ந்துபோகின்றன. காரணம் பழையது. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இஸ்கி என்னும் எழுத்துக் குறியேற்ற முறையைத் தழுவி, 1991இல் யூனிகோடின் முதற்பதிப்பு தமிழை ஏற்றபோது, 'மி' போன்ற உயிர்மெய்யைத் தனியெழுத்தாக வைக்காமல் அகரமேறிய உருவம் வேறு, குறி வேறு என்று பிரித்து வைத்தார்கள். எழுத்துகள் ஒரு வகுப்பு, குறிகள் மற்றொரு வகுப்பு. தேடல் தொகுதியோ முன்னதை மட்டுமே சொல்லின் உறுப்பாகக் கருதுகிறது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்று ஆயிற்று. பெயரில் அனுமதித்த குறியைத் தேடலில் அனுமதிக்காதது விந்தையே.

தேடல் தொகுதியின் பழைய நடத்தையை நம்பி உலகெங்கும் எண்ணற்ற நிரல்கள் ஓடுகின்றன என்பதையும், அஸ்திவாரத்தில் கை வைப்பவர் அஞ்சுவது நியாயம் என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆயினும் வழுவமைதி என்பது உவப்பு முதலான, பேசுகிறவனுடைய கருத்தைக் காப்பாற்ற வந்தது. பேசுகிறவனுடைய சொல்லையே சிதைப்பதற்கு அப்பெயரைத் தர என் மனம் ஒப்பவில்லை. குறிகளையும் சேர்த்துக் கொள்ளும் 'ரீஜெக்ஸ்' என்ற தனித்தொகுதி பின்னர் வந்து பலருடைய குறையைத் தீர்த்தது.

நம்மவர் வாளா இருந்துவிடவில்லை. நமக்கு அண்டையிலுள்ள உதகமண்டலத்தில் இருந்துகொண்டே இந்தியாவில் பைத்தானைப் பரப்பியவர்களில் முன்னவராக விளங்கிய கென்னத் கொன்சால்வஸ் 2012இல் காலமானார். அவர் பெயரால் பைகான் இந்தியா மாநாட்டில் விருது வழங்கப்படுகிறது. 2007இல் 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியைத் தொடங்கிய முத்து அண்ணாமலை, அதைப் பைத்தானின் மீதே கட்டினார். அதில் நிபந்தனை முதலில் வர, 'ஆனால்' அதன் பின்னே வருகிறது. இது நம் வாக்கியத்தின் இயல்பை அறிந்து செய்த ஏற்பாடு. அவரும் நண்பர்களும் உருவாக்கிய 'ஓப்பன் தமிழ்' தொகுதி, பைத்தான் ஐந்து என்று எண்ணுகிற 'தமிழ்' என்ற சொல்லின் எழுத்துகளை த, மி, ழ் என்று மூன்றாகவே எண்ணிக் காட்டுகிறது.

எங்கள் தெருவில் பகலில் செக்கிங் வேலைக்குப் போய், இரவில் பைத்தான் படிக்கும் பெண்ணொருத்தி, வழுவை எப்படி எழுதி அனுப்புவது என்று என்னைக் கேட்டாள். இட்ட சொல், எதிர்பார்த்தது, கிடைத்தது என்று மூன்று வரி போதும் என்றேன். நோட்டை வாங்கி, முதல் வரியில் 'தமிழ்' என்றும், இரண்டாவதில் 'தமிழ்' என்றும், மூன்றாவதில் 'தம', 'ழ' என்றும் எழுதிவிட்டு, மூன்றாவது வரியை நோக்கிச் சிறிய அம்பு ஒன்றை வரைந்தாள்.