முத்திரையும் சாட்சியும்

பொருளை இழப்பதற்கு உலகில் வழிகள் பல உண்டு. அவற்றுள், நாமே நம் கையால் எடுத்துக் கொடுத்து இழக்கும் இழப்புத்தான் நெஞ்சை நெடுநாள் வருத்துவது. களவு போன பொருளுக்காகத் திருடனை நோகலாம். பொய்க் கடிதத்தை நம்பிக் கொடுத்த பொருளுக்காக மனிதன் தன்னையே நொந்துகொள்கிறான். வெட்கத்தால் அதனை வெளியில் சொல்லவும் அஞ்சுகிறான். போலி மின்னஞ்சலாலும் போலி பில்லாலும் இந்நாளில் நேரும் இழப்பு இத்தகையது. இது கணிப்பொறியோடு பிறந்த புதுநோய் என்று பலர் கருதுகின்றனர். வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், நோயும் பழையது, அதற்கான மருந்தும் பழையது என்பது விளங்கும்.

தமிழருக்கு இதனை முதலில் உணர்த்திய நூல் சிலப்பதிகாரம் எனலாம். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவனே அரண்மனைக்குச் சென்று, திருடன் அகப்பட்டான் என்று உரைக்கிறான். பாண்டியன் அச்சொல்லை ஆராயாது ஆணையிடுகிறான். கோவலன் உயிர் போகிறது. பின்னர்க் கண்ணகி தன் சிலம்பை உடைத்தபோது மாணிக்கப் பரல் தெறித்தது. அரசியின் சிலம்பிலோ இருந்தது முத்துப் பரல். இரண்டு சிலம்பையும் முன்னரே ஒப்பிட்டிருந்தால் ஒரு நொடியில் உண்மை வெளிப்பட்டிருக்கும். சோதனை நிகழாமல் இல்லை. காலம் தாழ்ந்து நிகழ்ந்தது. வள்ளுவரும் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். தெளிதல் என்பது நம்புதல். தெரிதல் என்பது ஆராய்தல். அவர் எதனை முன்வைத்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

இனி, நாம் பிழைப்பின் பொருட்டு வந்து வாழும் கொச்சிக்கு வருவோம். கலூரில் குடியிருக்கும் தமிழர் பலரும் விடுமுறை நாளில் பாலங்களைக் கடந்து மட்டாஞ்சேரிக்குச் சென்றிருப்பர். அங்கே யூதத் தெருவில் 1568ஆம் ஆண்டு எழுந்த பரதேசி யூதர் ஆலயம் இருக்கிறது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஏறத்தாழ கி.பி. 1000இல், ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு 72 உரிமைகளை வழங்கி அளித்த செப்பேடு கொச்சி யூதரிடம் வழிவழியாகப் பேணப்பட்டு வந்தது. வட்டெழுத்தில் அமைந்த அச்சாசனத்தைக் காணும் தமிழர், பல சொற்கள் தமக்கு உறவாக இருப்பதை உணர்வர். நம் பொருளுக்கு வேண்டியது அதன் இறுதிப் பகுதி. வேணாடு, ஏறநாடு, வள்ளுவநாடு முதலிய நாடுகளை ஆண்டோரின் பெயர்கள் அங்கே சாட்சிகளாக வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. செம்பும் எழுத்தும் மட்டும் போதா என்று அக்காலத்தார் அறிந்திருந்தனர். ஐயுற்றவன் போய்க் கேட்கத்தக்க மனிதர் ஏட்டுக்கு வெளியே இருந்தனர். ஓர் ஆவணம் தனக்குத் தானே சாட்சியாக முடியாது என்பதே அதன் உட்கருத்து.

அதே மட்டாஞ்சேரியின் மிளகு, சுக்கு, ஏலக்காய்க் கடைத்தெருவில் குஜராத்தி வணிகரும் பிறரும் பிற்காலத்தில் பெருவாணிகம் செய்தனர். வடநாட்டு வணிகர் கையாண்ட உண்டியலின் அமைப்பு வியக்கத்தக்கது. ஆயிரம் ரூபாய் உண்டியல் எனில், ‘ரூபாய் ஆயிரம், அதில் பாதி ஐந்நூறு, அதன் இரட்டிப்பைத் தருக’ என்னும் முறையில் தொகையை மடக்கி மடக்கி எழுதினர். ஒரு சுழியைச் சேர்த்துத் தொகையைப் பெருக்க நினைப்பவன் எல்லா இடத்தையும் திருத்த வேண்டியிருக்கும். இதைவிடச் சிறந்த காவல் ‘ஷாஜோக்’ உண்டியலில் இருந்தது. அதனைக் கொண்டுவருபவன் எவனாயினும் பணம் கிடையாது. கடைத்தெருவில் நன்கறியப்பட்ட ஒரு வணிகர் வழியாக வந்தால்தான் பணம். உண்டியல் போலி என்று பின்னர்த் தெரிந்தால், அவ்வணிகரே பணத்தைத் திருப்பித் தர வேண்டும். நம் நாட்டுக்கோட்டை நகரத்தார் சென்னைக்கும் கொழும்புக்கும் இரங்கூனுக்கும் இடையே உண்டியல் வழியே பெருந்தொகைகளைச் செலுத்தியதும் ஆளை ஆள் அறிந்த இவ்வகை நம்பிக்கையின் பேரில்தான்.

தபால் பெருகியபோது, முகமறியாதவன் எழுதும் கடிதமும் பெருகியது. பிரெஞ்சு நாட்டில் குற்றவாளியாக இருந்து பின்பு துப்பறியும் படையின் தலைவரான விடாக் என்பவர், 1836இல் திருடர்களைப் பற்றி எழுதிய நூலில், ‘ஜெருசலேம் கடிதங்கள்’ என்னும் மோசடியை விவரிக்கிறார். சிறையிலிருப்பவன் ஊரிலுள்ள செல்வருக்கு எழுதுவான். தன் எசமானர் தப்பி ஓடும்போது நகைப்பெட்டியை மறைத்து வைத்தார் என்றும், அதனை எடுக்கச் சிறு தொகை அனுப்பினால் பங்கு தருவதாகவும் சொல்வான். இப்படி எழுதிய நூறு கடிதங்களில் இருபதுக்கு விடை வந்தது என்கிறார் விடாக். கோடி ரூபாய் பரிசு விழுந்திருக்கிறது, முன்பணம் கட்டுக என்று இன்று வரும் மின்னஞ்சல் இக்கடிதத்தின் பேரப்பிள்ளையே ஆகும்.

மின்னஞ்சலுக்கு ஒரு பிறவிக் குறையும் உண்டு. அது செல்லும் முறைக்கு 1982இல் விதி வகுத்தோர் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர். ஆகவே, தபால் உறையின்மேல் எவர் பெயரையும் எழுதலாம் என்பதுபோல, அனுப்புநர் இடத்தில் எவர் முகவரியையும் இட அம்முறை இடந்தந்தது. பிற்காலத்தில் காவல்கள் சேர்க்கப்பட்டன. ஆயினும், உண்மையான நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் புது முகவரி பெறுபவனை அவை தடுப்பதில்லை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15இல் திறந்துவிடப்பட்டது. நல்லதோடு இக்கேடும் நம் வீட்டு வாயிலுக்கு வந்தது.

இதற்குப் பலியாவோர் எளியவர் மட்டுமே என்று எண்ண வேண்டா. 2013க்கும் 2015க்கும் இடையே லித்துவேனியா நாட்டவர் ஒருவர், தைவானின் குவாண்டா நிறுவனத்தின் பெயரிலேயே லாட்வியாவில் ஒரு கம்பெனியைப் பதிந்து, கூகுள், ஃபேஸ்புக் நிறுவனங்களுக்குப் போலி பில்களை அனுப்பினார். இரண்டும் சேர்ந்து பத்துக் கோடி டாலருக்கு மேல் செலுத்தின. சரக்கு உண்மையில் வாங்கப்பட்டு வந்தது. பில் பழக்கமான பெயரில் வந்தது. கணக்கு எண் ஒன்றே வேறு. அதனை எவரும் கேட்கவில்லை.

வங்காள தேசத்தின் மத்திய வங்கிக்கு, வேலை கேட்டு வருவதுபோன்ற மின்னஞ்சல்கள் வந்தன. அவ்வழியே நுழைந்தவர்கள் 2016 பிப்ரவரியில் 8 கோடியே 10 லட்சம் டாலரைக் கொண்டுசென்றனர். இலங்கைக்குச் செல்லவிருந்த மேலும் 2 கோடி டாலர் தப்பியது. ‘ஃபவுண்டேஷன்’ என்னும் சொல்லைப் பிழையாக எழுதியிருந்ததால் இடைவங்கி ஒன்று விளக்கம் கேட்டது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு இச்செய்தி மகிழ்ச்சி தருவதே. எனினும், எழுத்துப்பிழையைக் கொண்டு போலியைப் பிடிக்கும் காலம் கடந்துவிட்டது. இன்று இயந்திரமே பிழையற எழுதித் தருகிறது, தமிழிலும் கூட.

நம் கும்பகோணத்திலும் இது நிகழ்ந்தது. 1904இல் தோன்றிய சிட்டி யூனியன் வங்கியில், 2018 பிப்ரவரியில், வெளிநாட்டுக்குப் பணம் செலுத்துமாறு மூன்று போலி ஆணைகள் வங்கியின் பெயராலேயே போயின. மொத்தம் ஏறத்தாழ 20 லட்சம் டாலர். மறுநாள் காலைக் கணக்கை ஒப்பிட்ட ஊழியர்கள் வேறுபாட்டைக் கண்டு உடனே எச்சரித்தனர். துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் தடுத்து மீட்கப்பட்டது. மிக நுண்ணிய இயந்திரம் ஏமாந்த இடத்தில், நாள்தோறும் பேரேட்டை ஒப்பிடும் பழைய வழக்கமே மோசடியை வெளிக்கொணர்ந்தது.

இவ்வரலாறுகளிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே: கடிதத்துக்கு வெளியே ஒரு சாட்சியைத் தேடுக. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கில் செலுத்துக’ என்று வந்தால், அக்கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்தல் கூடாது. நம் பழைய குறிப்பேட்டில் உள்ள எண்ணை அழைத்தல் வேண்டும். முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும். சிறுகடை நடத்துவோர் பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. எண்ணை அதற்குரிய அரசு இணையதளத்தில் இட்டு, அதே வணிகரின் பெயர் வருகிறதா என்று பார்க்கலாம். அது 15 இலக்கமும் எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. நமக்கு வரவேண்டிய பணத்தைப் பெறுவதற்கு இரகசிய எண் எதுவும் தேவையில்லை என்பதையும் மறத்தல் ஆகாது.

‘உடனே செய்க’, ‘எவரிடமும் சொல்லாதே’ என்னும் இரு சொற்களும் மோசக்காரனின் முத்திரை. சாட்சியை நாம் தேடிவிடுவோமோ என்னும் அச்சமே அவனை அப்படிச் சொல்லவைக்கிறது. சொந்த ஊரையும் உற்றாரையும் விட்டு வந்த நம்மிடம் அது எளிதில் பலிக்கிறது. அருகில் கேட்க ஆளில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோம். அறையில் உடன் தங்கியிருப்பவரையோ, அடுத்த கடைக்காரரையோ, ஊரிலுள்ள தம்பியையோ ஒரு வார்த்தை கேட்பது இழிவன்று. அதையும் மீறி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு ஒளிக்காமல் அந்நிமிடமே 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்தல் வேண்டும். பணம் கணக்குவிட்டுக் கணக்கு தாவுவதற்குள் அதனை நிறுத்திவைக்க இடமுண்டு. தாமதிக்குந்தோறும் அந்த இடம் குறைகிறது.

பாண்டியன் அவையில் சிலம்பு உடைந்தது கோவலன் மாண்ட பிறகு. நம் வீட்டில் அச்சோதனை பணம் கைவிட்டுப் போவதற்கு முன்னரே நிகழட்டும்.