காற்றழுத்த ஆணித் துப்பாக்கி

காற்றழுத்த ஆணித் துப்பாக்கி என்பது அழுத்தப்பட்ட காற்றின் ஆற்றலைக் கொண்டு மரத்தில் ஆணி அடிக்கப் பயன்படும் கைக்கருவி ஆகும். சுத்தியலால் பலமுறை அடித்து இறக்க வேண்டிய ஆணியை இக்கருவி ஒரே அடியில் இறக்கிவிடும். மரச்சட்ட வீடு கட்டுதல், கூரை வேய்தல், தரைப்பலகை பதித்தல், தளபாடங்களும் மரப்பெட்டிகளும் செய்தல் முதலிய பணிகளில் இது பயன்படுகிறது. வேகமே இதன் சிறப்பு. இதனால் விளையும் காயங்களுக்கும் அவ்வேகமே காரணமாகிறது. எவ்வகை விசை பொருத்தப்பட்டுள்ளது, கருவி எவ்வாறு கையாளப்படுகிறது, எவ்வாறு பராமரிக்கப்படுகிறது என்பவையே இதன் பாதுகாப்பைத் தீர்மானிக்கின்றன.

வரலாறு

இக்கருவி 1950 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. வீடுகளின் அடித்தரைப் பலகைகளை விரைவாகப் பதிப்பதே தொடக்கத்தில் இதன் நோக்கமாக இருந்தது. பின்னர் சுவர்ச்சட்டம், கூரை, உள்வேலைப்பாடு ஆகியவற்றுக்கென வெவ்வேறு அளவுகளில் துப்பாக்கிகள் உருவாக்கப்பட்டன. எரிவளியாலும் மின்கலத்தாலும் இயங்கும் வகைகள் பிற்காலத்தில் வந்தபோதும், எளிய அமைப்பின் காரணமாகக் காற்றழுத்த வகை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

அமைப்பும் இயக்கமும்

கம்ப்ரசர் எனப்படும் காற்றழுத்தியில் இருந்து குழாய் வழியாகத் துப்பாக்கிக்குக் காற்று வருகிறது. துப்பாக்கியின் தலைப்பகுதியில் ஓர் உருளையும், அதனுள் பிஸ்டன் எனப்படும் உந்துதண்டும் உள்ளன. உந்துதண்டின் அடியில் ஆணியை அடிக்கும் எஃகுத் தகடு இணைக்கப்பட்டிருக்கும்.

விசையை அழுத்தும்போது உருளையின் மேலுள்ள அடைப்பிதழ் திறந்து, அழுத்தக் காற்று உந்துதண்டைக் கீழே தள்ளுகிறது. தகடு ஒரே ஓர் ஆணியைப் பிரித்து மரத்தினுள் செலுத்துகிறது. விசையை விட்டதும் அடைப்பிதழ் மூடிக்கொள்ள, மேலிருந்த காற்று வெளியேறுகிறது. உந்துதண்டு இறங்கும்போது பக்க அறையில் சேர்ந்த காற்று அதனை மீண்டும் மேலே தள்ளுகிறது.

ஆணிகள் தாள், நெகிழி அல்லது மெல்லிய கம்பியால் கோக்கப்பட்டு, பட்டையாகவோ சுருளாகவோ ஆணிக்கூட்டில் வைக்கப்படுகின்றன. பெரும்பாலான துப்பாக்கிகள் சதுர அங்குலத்துக்கு 70 முதல் 120 பவுண்டு வரையிலான அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 5 முதல் 8 பார் வரையில், இயங்குகின்றன.

துப்பாக்கியின் நுனியில் தொடுமுனை உள்ளது. இது பலகையில் பட்டு உள்ளே அழுந்தினால் மட்டுமே ஆணி வெளிவரும். தானாக ஆணி ஊட்டப்படுவதும் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இயங்குவதுமான துப்பாக்கிகளுக்கு இத்தகைய பாதுகாப்பு அமைப்பை ஐக்கிய அமெரிக்கத் தொழிற் பாதுகாப்பு விதிகள் கட்டாயமாக்கியுள்ளன.

விசை வகைகள்

தொடுமுனையும் விசையும் எந்த ஒழுங்கில் இயங்க வேண்டும் என்பதைப் பொறுத்து விசைகள் வகைப்படுத்தப்படுகின்றன. அவற்றுள் இரண்டு முதன்மையானவை.

* முழு வரிசைமுறை விசை: முதலில் தொடுமுனையைப் பலகையில் அழுத்திய பின்னரே விசையை அழுத்த வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விடுவித்து மீண்டும் தொடங்க வேண்டும். ஒழுங்கு மாறினால் ஆணி வெளிவராது.
* தொடுகை விசை: விசையை அழுத்திப் பிடித்தபடியே தொடுமுனையைப் பலகையில் தட்டிக்கொண்டே செல்லலாம். ஒவ்வொரு தட்டுக்கும் ஓர் ஆணி இறங்கும். விசையில் விரல் இருக்கும்போது முனை தொழிலாளியின் தொடையிலோ அருகில் நிற்பவர் மீதோ பட்டாலும் ஆணி பாயும்.

வரிசைமுறை விசையுடன் ஒப்பிடும்போது தொடுகை விசையில் காயம் ஏற்படும் வாய்ப்பு இருமடங்கு என்று ஐக்கிய அமெரிக்க அரசு நிறுவனங்கள் 2011 இல் வெளியிட்ட கட்டுமானப் பணிக்கான வழிகாட்டி கூறுகிறது.

வேலை தாமதமாகும் என்பதே வரிசைமுறை விசைக்கு எதிராகப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் ஆகும். அனுபவமுள்ள 10 தச்சர்கள் ஒரே அளவுள்ள இரு சிறு மரக்குடில்களை இவ்விரு விசைகளாலும் கட்டிய ஆய்வொன்றை அதே வழிகாட்டி எடுத்துக்காட்டுகிறது. தொடுகை விசையால் ஆணி அடிக்கும் நேரம் 10% குறைந்தது. ஆனால் அளத்தல், அறுத்தல் ஆகியவற்றையும் சேர்த்த மொத்த நேரத்தில் இச்சேமிப்பு 1% அளவுக்கும் குறைவாகவே இருந்தது.

விபத்துகள்

2001 முதல் 2005 வரை ஐக்கிய அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயங்களுக்காக மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் சிகிச்சை பெற்றனர். இவர்களில் 40% பேர் தொழிலாளர் அல்லர். தம் சொந்தத் தேவைக்காக இக்கருவியைப் பயன்படுத்தியவர்கள். காயங்களில் பாதிக்கு மேற்பட்டவை கையிலும் விரல்களிலும் ஏற்படுகின்றன. காயங்களுக்கான முதன்மைக் காரணங்கள்:

* பின்னுதைப்பால் துப்பாக்கி துள்ளி, இரண்டாவது ஆணி எதிர்பாராமல் வெளிவருதல்
* விசையை அழுத்தியவாறு நடக்கும்போது முனை உடலில் இடித்தல்
* மெல்லிய பலகையை ஆணி ஊடுருவி மறுபுறம் வருதல்
* மரக்கணு, உலோகம் அல்லது பழைய ஆணியில் பட்டு ஆணி திசைமாறித் தெறித்தல்
* பலகையின் விளிம்பைத் தவறவிடுதல்
* தொடுமுனையின் சுருள்வில்லைக் கழற்றியோ, விசையைக் கட்டிவைத்தோ பாதுகாப்பு அமைப்பைச் செயலிழக்கச் செய்தல்

பாதுகாப்பான பயன்பாடு

* ஆணி இறங்கும் இடத்தில் இருந்து மற்றக் கையை 12 அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 30 சென்ரிமீற்றருக்கு, அப்பால் வைக்க வேண்டும். அது இயலாத இடத்தில் பலகையைப் பிடிகருவியால் இறுக்கிக்கொள்ள வேண்டும், அல்லது சுத்தியலையே பயன்படுத்த வேண்டும்.
* ஆணி அடிக்காத வேளைகளில் விரலை விசையில் வைக்கக் கூடாது.
* ஆணி நிரப்பும் முன்பும், சிக்கிய ஆணியை எடுக்கும் முன்பும், ஏணியில் ஏறும் முன்பும், கருவியை மற்றவரிடம் கொடுக்கும் முன்பும் காற்றுக்குழாயைக் கழற்றிவிட வேண்டும்.
* பக்கங்களிலும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான், தலைக்கவசம், கனத்த காலணி ஆகியவற்றை அணிய வேண்டும். ஆணி இறங்கும்போதும் காற்று வெளியேறும்போதும் எழும் திடீர் ஒலி செவித்திறனைப் பாதிக்கக்கூடியது.
* உற்பத்தியாளர் குறிப்பிட்ட அழுத்தத்தை மீறாதவாறு அழுத்தச் சீராக்கியை அமைக்க வேண்டும்.
* ஒட்சிசன் அல்லது வேறு வளி அடைத்த உருளைகளை எக்காரணம் கொண்டும் இணைக்கக் கூடாது. அதனால் கருவி வெடிக்கக்கூடும்.
* துப்பாக்கியின் பக்கமுள்ள இணைப்பி, குழாயைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றும் வகையினதாக இருக்க வேண்டும். உள்ளே காற்று அடைபட்டிருந்தால், குழாயைக் கழற்றிய பின்னும் ஓர் ஆணி பாய வாய்ப்புண்டு.

அன்றாடச் சோதனை

வேலை தொடங்குமுன், குழாயைக் கழற்றிய நிலையில் ஆணிகள் அனைத்தையும் நீக்கி, தொடுமுனை தடையின்றி நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் குழாயை இணைத்து, முனையை எவரையும் நோக்காமல் பிடித்து, பின்வருவனவற்றைச் சோதிக்க வேண்டும்.

1. விசையைத் தொடாமல் தொடுமுனையை மட்டும் பலகையில் அழுத்தினால் துப்பாக்கி இயங்கக் கூடாது.
2. முனை எதிலும் படாதபோது விசையை மட்டும் அழுத்தினால் இயங்கக் கூடாது.
3. வரிசைமுறை விசையாயின், விசையை முதலிலும் தொடுமுனையைப் பின்னரும் அழுத்தினால் இயங்கக் கூடாது.

இவற்றில் ஒன்று தவறினாலும், பழுது பார்க்கும் வரை துப்பாக்கியைப் பயன்படுத்தக் கூடாது.

பராமரிப்பு

எண்ணெய் தேவைப்படும் வகைகளில், காற்று நுழையும் துளையில் காற்றழுத்தக் கருவிகளுக்கான எண்ணெயை நாள்தோறும் சில துளிகள் இட வேண்டும். எண்ணெய் தேவையற்ற வகைகளும் உள்ளன என்பதால் கையேட்டைப் பார்த்துக்கொள்வது அவசியம். வாகன இயந்திர எண்ணெயும் கரைப்பான்களும் உள்ளிருக்கும் இரப்பர் வளையங்களைக் கெடுக்கக்கூடியவை.

காற்று அழுத்தப்படும்போது அதிலுள்ள ஈரம் காற்றழுத்தியின் கலனில் நீராகத் தங்கும். அது துப்பாக்கிக்குள் சென்றால் துருப்பிடிக்கும்; ஆகவே நீரை நாள்தோறும் வடித்துவிட வேண்டும். தொடுமுனையில் படியும் பிசினையும் மரத்தூளையும் துடைத்து அகற்ற வேண்டும். அழுக்கால் உள்ளேயே சிக்கிக்கொண்ட தொடுமுனை பாதுகாப்புத் தருவதில்லை. திருகாணிகள் தளர்ந்துள்ளனவா என்றும், குழாயில் வெடிப்பு உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

ஓய்வு நிலையில் காற்று கசிவது பெரும்பாலும் இரப்பர் வளையத் தேய்வின் அறிகுறி ஆகும். போதிய அழுத்தம் இருந்தும் ஆணி முழுமையாக இறங்காவிட்டால் அடிக்கும் தகடு தேய்ந்திருக்கலாம். அழுத்தத்தை வரம்புக்கு மேல் உயர்த்துவது இதற்குத் தீர்வாகாது.

காயம் ஏற்பட்டால்

உடலில் தைத்த ஆணியைச் சம்பவ இடத்திலேயே பிடுங்கக் கூடாது. கோத்த கம்பியின் துணுக்குகள் ஆணியில் முள்போல் நீட்டிக்கொண்டிருந்து, இழுக்கும்போது தசையையும் நரம்பையும் மேலும் கிழிக்கலாம். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஆணி எதனால் கோக்கப்பட்டிருந்தது என்பதை மருத்துவரிடம் தெரிவிப்பது, உள்ளே தங்கிய துணுக்குகளைத் தேடி அகற்ற உதவும்.

இவற்றையும் பார்க்கவும்

* சுத்தியல்
* காற்றழுத்தி
* தச்சுத் தொழில்