வேலி தாண்டும் வேலை

பிரிட்டனின் ஊர்ப்புறக் கண்காட்சிகளில் ‘வொர்க்கிங் ஹன்டர்’ என்றொரு குதிரைப் போட்டி நடக்கும். ‘வேலை செய்யும் வேட்டைக்குதிரை’ என்று சொல்லலாம். நாய்க்கூட்டத்தின் பின்னால் நரிவேட்டைக்குப் போகிறவரை நாள் முழுக்கச் சுமக்கிற குதிரைதான் ஹன்டர். அது ஒரு இனத்தின் பெயர் இல்லை, ஒரு பதவியின் பெயர். பந்தயக் குதிரை ரத்தமும் கனமான உழைப்புக் குதிரை ரத்தமும் கலந்தவை அதில் நிறைய.

வேகத்துக்குப் பந்தயம் இருக்கிறது, உயரத்துக்கு ஷோ ஜம்பிங் இருக்கிறது. இங்கே கேட்கிற கேள்வி வேறு. இந்தக் குதிரையை நம்பி ஒரு நாள் முழுக்க முன்பின் தெரியாத வயல்வெளியில் போகலாமா? முதலில் தாண்டல். வண்ணம் பூசாத மரக்கட்டை, புதர், கேட், தண்ணீர் என்று வயலில் இருக்கக்கூடிய தடைகள். குதிரை ஒரே சீரில் வந்து, தாண்டி, அதே சீரில் போக வேண்டும். பிறகு நடுவரே ஏறி ஓட்டிப் பார்ப்பார். சேணத்தை இறக்கிவிட்டுக் கால், தோள், முதுகு எல்லாம் பார்ப்பார். இதைச் சொன்னபோது என் அலுவலக நண்பன், “அப்ப குதிரைக்கு இன்டர்வியூ வைக்கறாங்கன்னு சொல்லு” என்றான். இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு சிக்கல். நாய்களை விட்டு நரியை வேட்டையாடுவதை 2004ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தடை செய்தது. 2005 பிப்ரவரியில் தடை அமலுக்கு வந்தது. இப்போது நாய்கள் முன்பே போட்டுவைத்த வாசனையைத் தொடரலாம், அவ்வளவுதான். பழைய வேலை போய்விட்டது, இன்டர்வியூ மட்டும் நடக்கிறது. என் தொழிலில் இது சகஜம். ஒரு பழைய சிஸ்டத்தை நிறுத்தி வருஷக்கணக்கான பிறகும், அதற்காக எழுதிய டெஸ்ட் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த டெஸ்ட்டைப் படித்தால், நிறுத்தப்பட்ட சிஸ்டம் எப்படி இருந்ததென்று கண்டுபிடிக்கலாம். இந்தப் போட்டியையும் அப்படிப் படிக்க முடியும். முதல் கேள்வி: குதிரை ஏன் தாண்ட வேண்டும்?

பதில், வேலி. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடு இங்கிலாந்தின் பல கிராமங்களில் வயல்களுக்கு நடுவே வேலியே கிடையாது. ஊரைச் சுற்றிச் சில பெரிய வயல்வெளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பத்துக்குச் சில நீளப் பட்டைகள். அறுவடை முடிந்தால் ஊர் மாடுகள் எல்லா நிலத்திலும் இறங்கி மேயும். அதற்கு அப்பால் நம்மூர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரி பொதுப் புல்தரை. இதையெல்லாம் பிரித்துத் தனி உடைமை ஆக்கியதன் பெயர் ‘என்க்ளோஷர்’. 1604க்கும் 1914க்கும் இடையில் இதற்காக நாடாளுமன்றத்தில் வந்த மசோதாக்கள் 5,200க்கும் மேல். அவை தொட்ட நிலம் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

சர்வேயர் வந்து நேர்கோடுகள் போட்டார். பங்கு கிடைத்தவர் தன் செலவில் வேலி போட வேண்டும். முள்செடி நாற்றுகளை வரிசையாக நட்டு, பக்கத்தில் பள்ளம் வெட்டினார்கள். தமிழில் உயிர்வேலி என்போமே, அதுதான். வேலிச் செலவு தாங்காத சிறு விவசாயி நிலத்தை விற்றார். பத்திரம் எதுவும் இல்லாமல், வழக்கத்தின் பேரில் மட்டும் பொதுநிலத்தில் ஒரு மாடு மேய்த்தவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. கவிஞர் ஜான் கிளேரின் ஊரான ஹெல்ப்ஸ்டனுக்கு இந்தச் சட்டம் 1809இல் வந்தது. அப்போது அவருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. தான் சுற்றித் திரிந்த வெளியை வேலிகள் துண்டு போட்டதை அவர் பிற்பாடு கவிதைகளில் எழுதிக்கொண்டே இருந்தார்.

அதே வேலிகள் இன்னொரு கூட்டத்துக்கு விளையாட்டாயின. லெஸ்டர்ஷயரில் ஹியூகோ மெய்னல் என்ற நிலக்கிழார் 1753 முதல் 1800 வரை குவார்ன் வேட்டைக்குழுவை நடத்தினார். வேகத்துக்காகவே நாய்களை இனவிருத்தி செய்தார். உழவு நிலம் பல இடங்களில் மேய்ச்சல் புல்லாக மாறியிருந்ததால் குதிரையைப் பாய்ச்சலில் விடலாம். விட்டால் சற்று நேரத்தில் ஒரு வேலி வரும். நிதானமான பழைய வேட்டைக்குத் தாண்டத் தெரியாத குதிரையும் போதும். இனி அது உதவாது. கிராமத்தானை வெளியே நிறுத்திய அதே முள்வேலிதான் கனவான்களின் சாகசத்துக்கு மேடை.

இதற்குச் சாட்சி ஒரு சொல்லிலேயே இருக்கிறது. இன்றைய ஷோ ஜம்பிங்கில் இரண்டு கட்டைகளை முன்னும் பின்னும் வைத்து அகலமாக்கிய தடைக்கு ‘ஆக்ஸர்’ என்று பெயர். ஆக்ஸ் என்றால் எருது. எருதுகள் உயிர்வேலியைத் தின்றும் முட்டியும் அழிக்காமல் இருக்க, வேலிக்குச் சற்றுத் தள்ளி ஒரு மரச்சட்டம் அடிப்பார்கள். குதிரை இரண்டையும் சேர்த்தே தாண்டியாக வேண்டும். இன்று ஒலிம்பிக்கில் அந்தச் சொல்லைச் சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு மாடு ஞாபகம் வரும்?

வயலில் நடந்த இந்தத் தாண்டல் பிறகு மைதானத்துக்கு வந்தது. 1868இல் டப்ளினில் லெய்ன்ஸ்டர் மாளிகைப் புல்வெளியில் நடந்த குதிரைக் கண்காட்சியில், வேட்டைக்குதிரைகளைச் சோதிக்கத் தாண்டும் போட்டி வைத்தார்கள். அதே வருஷம் இத்தாலியில் பிறந்தவர் ஃபெடரிகோ காப்ரில்லி. குதிரைப்படை அதிகாரி. அதுவரை வேலி தாண்டும்போது பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டி உட்காருவதுதான் முறை. அக்கால வேட்டை ஓவியங்களில் பார்க்கலாம். குதிரையின் இடுப்பில் பாரம் விழும், கடிவாளம் வாயைப் பிடித்து இழுக்கும். காப்ரில்லி, ஆளில்லாமல் தாண்டுகிற குதிரைகளைக் கவனித்தார். அவை கழுத்தை முன்னே நீட்டித் தாண்டி, முன்னங்காலில் இறங்கின. அப்படியானால் அசைவைத் தடுக்காமல் கூடப் போவதுதான் ஓட்டுபவரின் வேலை. அங்கவடியைக் குட்டையாக்கி, உடலை முன்னே கொண்டுவந்து, கையைத் தளர்த்தச் சொன்னார். 1907இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவர் எழுதிவைத்தது கொஞ்சம்தான். ஆனால் அவருடைய முறைதான் இன்று உலகம் முழுக்க அடிப்படை.

முதல் வொர்க்கிங் ஹன்டர் வகுப்புக்கு ஒரு குதிரையைத் தயார் செய்வதில் இந்த இரண்டு வரலாறும் கலந்திருக்கின்றன. தரையில் ஒரு கட்டையைப் போட்டு அதன் மேல் நடக்க வைப்பதில்தான் ஆரம்பம். பிறகு குறுக்காகச் சாய்த்த கட்டைகள். பிறகு கிளைகள், வைக்கோல் கட்டு, கேட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஒவ்வொன்றாக, தாழ்வாக. சொல்லிக்கொடுப்பது உயரத்தை இல்லை. புதுசா எதைப் பார்த்தாலும் பரவாயில்லை, போகலாம் என்கிற தைரியத்தை. பழகிய மைதானத்தை விட்டுத் திறந்த வயலுக்கும் கூட்டிப்போக வேண்டும். நடுவர் ஏறுவார் என்பதால் வேறு ஆட்களையும் ஏற்றிப் பழக்க வேண்டும். பிடரி மயிரைப் பின்னுவதெல்லாம் கடைசியில்தான்.

ஓட்டுபவருக்கான பாடம் இன்னும் கஷ்டம். குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் கீழே இருப்பது அதற்குத் தெரியாது. தாவும் கணத்தில், சில எட்டு முன்னால் பார்த்த தடையை நம்பித்தான் தாவுகிறது. அதனால் தூரத்திலிருந்தே நேராக, சீராகக் கொண்டுவந்து, கடைசி எட்டில் தொந்தரவு செய்யாமல் இருக்க வேண்டும். பயத்தில் கை தானாகக் கடிவாளத்தை இழுக்கும். அதற்காகவே புதியவர்கள் குதிரையின் கழுத்தில் ஒரு வாரைக் கட்டி, இழுக்கத் தோன்றும்போது அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

நரியைத் துரத்திய வேட்டைக்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால், தனக்குத் தெரியாத ஒரு தடையின் முன்னால் ஒரு மிருகம் நம்மை நம்ப, மாதக்கணக்கில் நாம் செய்யும் பொறுமையான வேலை, அந்த வேட்டையோடு சேர்ந்து போயிருக்க வேண்டிய அவசியமில்லை என்று நினைக்கிறேன். போட்டி முடிந்த சாயங்காலம் மைதானத்து வேலிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அந்த வேலிகளுக்கு முன்மாதிரியாக இருந்தவற்றில் பல இன்னும் வயல்களில் நிற்கின்றன, சர்வேயர் போட்ட அதே நேர்கோட்டில். இந்தப் போட்டியின் வீடியோ எங்காவது கண்ணில் பட்டால், குதிரையோடு சேர்த்து அந்த வேலியையும் கொஞ்சம் பாருங்கள்.