மூதாதையான ஆறு: வாங்கனுயி வழக்கும் மண் சார்ந்த ஆன்மிகமும்

சூழல் நெருக்கடியின் வேர் சமயத்தில் இருப்பதால் அதற்கான மருந்தும் சமயத்திலேயே இருக்க வேண்டும் என்று வரலாற்றறிஞர் லின் ஒயிட் 1967இல் 'சயின்ஸ்' இதழில் வாதிட்டார். இயற்கையைப் புனிதமாகக் கொள்ளும் சமூகம் அதைத் தானாகவே காக்கும் என்று எண்ணுவோர் இன்றும் அக்கட்டுரையைத் துணைக்கு அழைப்பதுண்டு. நியூசிலாந்தின் வாங்கனுயி ஆற்றின் வழக்கை ஆராய்ந்தால் அந்த எண்ணம் பாதி உண்மை என்றே தெரிகிறது. ஓர் ஆற்றைத் தலைமுறைகள் கடந்தும் கைவிடாத உறுதி, அதைப் போற்றுவதால் மட்டும் வந்துவிடுவதில்லை. ஆற்றை உறவாகக் கொண்டு, அதற்குத் தீங்கு நேரக்கூடும் என்றும் அதற்குத் தாமே பொறுப்பு என்றும் நம்பும்போதே அந்த உறுதி பிறக்கிறது.

டோங்கரிரோ மலைச்சரிவில் தோன்றி 290 கிலோமீட்டர் ஓடி டாஸ்மன் கடலில் கலக்கும் இந்த ஆறு, கரையோர மாவோரிக் குலங்களுக்கு மூதாதை. ஆற்றுக்கு 'மவுரி' எனும் உயிராற்றல் உண்டு. மனிதர் செயலால் அது குன்றவும் கூடும். விலாங்கு பிடிக்க மரத்தால் கட்டிய மீனணைகள் அவர்களின் உணவுக்கும் உரிமைக்கும் அடையாளமாக இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நீராவிப் படகுகளுக்கு வழிவிட அந்த அணைகள் தகர்க்கப்பட்டன. 1903இல் நிலக்கரிச் சுரங்கச் சட்டத் திருத்தம் ஒன்று, படகு செல்லும் ஆறுகளின் படுகைகளை அரசுடைமையாக்கியது. 1938இல் குலத்தார் வழக்குத் தொடுத்தனர். நீர், படுகை, கரை என்று ஆற்றைக் கூறுபோட்டே பார்க்கப் பழகிய சட்டம், படுகை யாருக்குச் சொந்தம் என்ற ஒரே கேள்வியை விடாமல் கேட்டது. 1962இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1970களில் நீர்மின் திட்டத்துக்காக ஆற்றின் தலைநீரும் திருப்பிவிடப்பட்டது. அப்போதும் அவர்கள் ஓயவில்லை. 1999இல், மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயம், ஆறு பிரிக்க முடியாத ஒன்று என்ற அவர்களின் கூற்றை ஏற்றது. 2014இல் அரசுடன் உடன்படிக்கை கையெழுத்தாகி, 2017 மார்ச்சில் சட்டமானது. மலையிலிருந்து கடல்வரை ஆறு ஒரே உயிர்முழுமை, அதுவே சட்டத்தின்முன் ஓர் ஆள் என்கிறது அச்சட்டம். இதில் என் வாதத்துக்கு முதன்மைச் சான்று, குலத்தார் ஏற்றுக்கொண்ட தீர்வு. அரசின் வசமிருந்த படுகை அவர்களுக்குப் போகவில்லை, ஆற்றுக்கே போயிற்று. சொத்தே நோக்கமாக இருந்திருந்தால் இப்படி ஒரு முடிவுக்கு அவர்கள் இசைந்திருக்க முடியாது.

கங்கையைக் காட்டி இதை மறுக்கலாம். அதைவிட மிகுதியாக வழிபடப்படும் ஆறு உலகில் ஏது? இருந்தும் சாக்கடை அதில்தான் கலக்கிறது. வாராணசியில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கெல்லி ஆலி, பக்தர்கள் அழுக்கையும் தூய்மைக்கேட்டையும் வெவ்வேறாகப் பார்ப்பதைப் பதிவுசெய்தார். நீர் அழுக்காகலாம், ஆனால் தேவியின் புனிதம் கெடாது. கெடவே முடியாத ஒன்றைக் காக்கும் கடமை எவருக்கும் எழுவதில்லை. 2017 மார்ச்சிலேயே உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்ட ஆட்களாக அறிவித்து, அரசு அதிகாரிகளைக் காப்பாளர்களாக்கியது. மாநில அரசே முறையிட, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயற்கை அன்னைக்கே சட்ட ஆள் தகுதி அளித்தபோதும் காக்கும் பொறுப்பு அரசிடமே சென்றது. வாங்கனுயிக்காகப் பேசும் இருவரில் ஒருவரையோ குலங்களே முன்மொழிகின்றன. உறவுள்ளவர் கையில் பொறுப்பு இல்லாதபோது சட்டம் கடன்வாங்கிய சொல்லாகவே நின்றுவிடுகிறது.

மாவோரி மக்கள் மட்டும் இயற்கையை அழிக்கவில்லையா என்றும் கேட்கலாம். அழித்தார்கள். அவர்கள் 13ஆம் நூற்றாண்டளவில் குடியேறியபின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குள் மோவா எனும் பெரும்பறவை அற்றுப்போயிற்று, காடுகளும் எரிந்தன. அந்த இழப்பின் நினைவு அவர்களின் முதுமொழிகளில் இன்னும் இருக்கிறது. ஆகவே இந்த ஆன்மிகத்தைப் பிறவிக் குணமாகக் கொள்வது தவறு. வாழ்ந்தும் இழந்தும் உருவான ஒழுக்கமாகவே அதைக் கருத வேண்டும். அப்படியானால் பிற சமூகங்களுக்கும் அது எட்டாததல்ல. சட்டத்தால் நீர் தூய்மையானதா என்ற கேள்வி இன்னும் கடினமானது. முன்பே வழங்கிய அனுமதிகளைச் சட்டம் தொடவில்லை. தலைநீர் இன்றும் மின்நிலையங்களுக்கே திரும்புகிறது. அந்த அனுமதி காலாவதியாகிப் புதுப்பிக்கக் கோரும்போது, ஆற்றின் நலனை எதிரில் வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும். 2017 சட்டத்தின் வலு அங்குதான் அளக்கப்படும்.