கத்தரிக்கோலும் ஒய் குரோமோசோமும்

ராஜ்மாவும், கண்வலிக் கிழங்கில் இருக்கிற விஷமும் இல்லையென்றால் எங்கள் தொழிலே கிடையாது. சென்னையில் ஒரு குரோமோசோம் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் உண்மை அதுதான். ஹெபாரின் குப்பியில் வரும் ரத்தத்தில் வெள்ளணுக்கள் சும்மா கிடக்கும், தானாகப் பிரியாது. சிவப்பு ராஜ்மாவிலிருந்து எடுத்த பி.எச்.ஏ. என்ற புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரியில் 72 மணி நேரம் வைத்தால் பிரியத் தொடங்கும். பிரிகிற அந்த நிலையிலேயே நிறுத்திப் பிடிக்கக் கோல்சிசின் வேண்டும். ஐரோப்பாக்காரர்கள் அதை வேறொரு செடியிலிருந்து எடுத்தார்கள். நம் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விளைகிற கண்வலிக் கிழங்கிலும், அதாவது செங்காந்தளிலும், அதே சரக்குதான் இருக்கிறது.

பிறகு உப்பு குறைந்த நீரில் செல்லை ஊதவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்று கலந்து பதப்படுத்தி, கண்ணாடித் தகட்டின் மேல் கொஞ்சம் உயரத்திலிருந்து சொட்டவிடுவோம். டிரிப்சினில் முக்கி, ஜீம்சா சாயம் ஏற்றினால் குரோமோசோம்களில் வரிவரியாகக் கோடு தெரியும். நுண்ணோக்கி வழியே படம் எடுத்து, கழுவி, ஒவ்வொரு குரோமோசோமாகக் கத்தரித்து, ஜோடி சேர்த்து அட்டையில் ஒட்டுவோம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் இதுதான் கேரியோடைப். எக்ஸையும் ஒய்யையும் கடைசியில் ஒட்டுவது வழக்கம். குழந்தையில்லாத ஆணின் அட்டையில் சில சமயம் ஒய்யை ஒட்டிய பிறகும் மேசையில் இன்னொரு எக்ஸ் மிச்சமிருக்கும். அன்றைக்கு ரிப்போர்ட் எழுத மனசு வராது.

இந்த மிச்ச எக்ஸைக் கண்டுபிடிக்க உலகம் எடுத்துக்கொண்ட காலத்தை நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான். 1942-ல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஹாரி கிளைன்ஃபெல்டர் என்ற இளம் மருத்துவர் ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதினார். மார்பு பெருத்திருந்தது, விரைகள் சிறுத்திருந்தன, விந்தணு இல்லை. யோசனை அவருடைய குரு ஃபுல்லர் ஆல்பிரைட்டுடையது. சீடனின் பெயரை முதலில் போடச் சொன்னவரும் அவரே. நோய்க்கு நிலைத்தது சீடனின் பெயர். இருவருமே அதை ஹார்மோன் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். வேறெப்படி நினைக்க முடியும்? மனிதனுக்கு எத்தனை குரோமோசோம் என்பதே அப்போது தப்பாகத்தான் தெரிந்திருந்தது.

அந்தத் தப்புக்கும் ஆண்களின் விரைக்கும் சம்பந்தம் உண்டு. டெக்சாஸில் மனநல விடுதி ஒன்றில் விரை அகற்றப்பட்ட ஆண்களின் திசுவை வாங்கி எண்ணியவர் தியோஃபிலஸ் பெயின்டர். 1923-ல் 48 என்று முடிவு சொன்னார். முப்பது வருஷத்துக்கு மேல் எல்லோரும் 48 என்றே எண்ணினார்கள். பாடப்புத்தகத்தில் இருப்பதைக் கண்ணும் பார்த்துவிடும். 1952-ல் அதே டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டனில் டி.சி. ஷூவின் ஆய்வுக்கூடத்தில் யாரோ கரைசலில் உப்பைக் குறைத்துப் போட்டுவிட்டார்கள். செல் ஊதி, அதுவரை குவியலாகக் கிடந்த குரோமோசோம்கள் தனித்தனியாக விரிந்தன. நாங்கள் தினமும் செய்யும் அந்த வேலைக்கு மூலம் இந்தக் கைப்பிசகு. செய்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் எங்கள் கூடத்தில் அவர் படத்தை மாட்டியிருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் ஷூவும் 48-ஐ மறுக்கவில்லை. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ, 1955 டிசம்பர் 22 அன்று ஸ்வீடனின் லுண்ட் நகரில், கருவின் நுரையீரல் செல்லை வைத்து 46 என்று எண்ணினார். ஆல்பர்ட் லெவானோடு சேர்ந்து மறு வருஷம் வெளியிட்டார். அதன்பின் எல்லாம் மளமளவென்று நடந்தது. 1959-ல் எடின்பரோவில் பெட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் கிளைன்ஃபெல்டர் குறை உள்ள ஒருவரிடம் 47 குரோமோசோம் இருப்பதைக் காட்டினார்கள். ஆண் மலட்டுத்தன்மைக்கு மரபுக் காரணம் ஒன்றை நுண்ணோக்கியில் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அதற்கு மறு வருஷமே பிலடெல்பியாவில் பீட்டர் நோவெலும் கூட்டாளிகளும் ராஜ்மாச் சாற்றின் குணத்தைச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் அதைச் சேர்த்தது சிவப்பணுக்களை ஒட்டவைத்து ஒதுக்குவதற்காக. வெள்ளணு பிரிந்தது எதிர்பாராதது. அதற்குமுன் எலும்பு மஜ்ஜையில் ஊசி குத்தவேண்டியிருந்த சோதனை, கை நரம்பில் எடுக்கும் ரத்தத்துக்கு இறங்கி வந்தது. சுமார் அறுநூறு ஆண்களில் ஒருவருக்கு இந்த உபரி எக்ஸ் இருக்கிறது. பலருக்குக் கல்யாணமாகிக் குழந்தையில்லை என்று வரும்வரை தெரியாது.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகும் எங்கள் வாசலுக்கு முதலில் வந்தவர்கள் பெண்கள். ராமேஸ்வரம் போய், அரசமரம் சுற்றி, கர்ப்பப்பையை ஆராய்ந்து, குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்து, எல்லா ஃபைலையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். கூட வந்த மாமியார் ஒருவர் என் ஊசியைப் பார்த்துவிட்டு, “அவனுக்கு எதுக்கும்மா ரத்தம் எடுக்கறே? பொறக்காதது இவளுக்குத்தானே?” என்று கேட்டார். பையன் தலைகுனிந்து நின்றான். மருமகள் எங்கேயோ பார்த்தாள். இந்தக் கேள்வியை வேறு வேறு வாயில் நிறைய கேட்டிருக்கிறேன். இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

என் அட்டையில் 46-உம் ஒழுங்காக இருந்து, விந்தணு மட்டும் இல்லாதவர்கள் பாக்கியிருந்தார்கள். இவர்களுக்கான சாவி இத்தாலியின் பவியாவில் கிடைத்தது. 1976-ல் லுச்சானோ தியேபோலோவும் ஓர்செட்டா சுஃபார்தியும் 1,170 ஆண்களின் குரோமோசோமைப் பார்த்து, ஆறு பேருக்கு ஒய்யின் நீண்ட கையில் நுனி அறுந்திருப்பதைக் கண்டார்கள். ஆறுபேருக்கும் விந்தணு இல்லை. ஆக, விந்து உற்பத்திக்கான ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்றார்கள். ஆறு பேரை வைத்து இவ்வளவு பெரிய பேச்சா என்று தோன்றலாம். பேச்சு சரியாகத்தான் போயிற்று.

அவர்கள் பார்த்தது பெரிய வெட்டு. சின்ன வெட்டு நுண்ணோக்கிக்குத் தெரியாது. ஐம்பது லட்சம் டி.என்.ஏ. எழுத்துக்குக் குறைவாகக் காணாமல் போனால் எங்கள் கண் ஏமாந்துவிடும். டி.என்.ஏ. துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வந்தபின் 1995-ல் அமெரிக்காவில் டேவிட் பேஜின் குழு விந்தணு இல்லாத 89 பேரில் 12 பேருக்கு ஒய்யில் ஒரே பகுதி அழிந்திருப்பதைக் காட்டியது. மறு வருஷம் ஜெர்மனியின் பீட்டர் ஃபோக்ட் குழு, ஒய்யின் நீண்ட கையில் விந்து உற்பத்திக்கான இடத்தை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு அடையாளப் புள்ளிகளை வைத்துச் சோதித்தால் போதும். ஜெல்லில் வரவேண்டிய கோடு வராவிட்டால் அந்த இடம் இல்லை என்று அர்த்தம். சி பகுதியில் வழக்கமாகக் காணாமல் போவது சுமார் 35 லட்சம் எழுத்து. பிறகு ஒய்யின் எழுத்துகளை வரிசையாகப் படித்தபோது காரணமும் புரிந்தது. ‘விகடகவி’ மாதிரி முன்னும் பின்னும் ஒரேபோல் படிக்கிற நீண்ட தொடர்கள் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒத்த இடங்கள் தங்களுக்குள் மாறி ஒட்டிக்கொள்ளும்போது நடுப்பகுதி கழன்றுவிடுகிறது. அப்பாவிடம் முழுசாக இருந்த ஒய், மகனுக்குக் குறையோடு வருவது இப்படித்தான். ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் லால்ஜி சிங்கும் தங்கராஜும் நம் நாட்டு ஆண்களிடமும் இதே அழிவைக் கண்டு எழுதினார்கள்.

இன்னொரு வகை உண்டு. விந்தணு உற்பத்தியாகும், வெளியே வரும் குழாய்தான் பிறவியிலேயே இருக்காது. அனுபவமுள்ள மருத்துவர் விரலால் தொட்டே சொல்லிவிடுவார். ஏழாவது குரோமோசோமில் சி.எஃப்.டி.ஆர். என்ற மரபணுவை 1989-ல் கண்டுபிடித்தது நுரையீரல் நோய் ஒன்றுக்காக. குழாய் இல்லாத பல ஆண்களுக்கும் அதே மரபணுவில்தான் பிழை. ஐரோப்பியரிடம் அதிகம் காணும் பிழைகளை மட்டும் தேடும் சோதனை நம்மவர்களுக்குப் போதாது.

1992-ல் பிரஸ்ஸல்ஸில் ஒரே விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்தும் இக்ஸி வந்ததும், காரணம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. எனக்கு அதில் சம்மதமில்லை. இக்ஸியால் பிறக்கும் மகனுக்கு அப்பாவின் சி குறை அப்படியே போகும். சி.எஃப்.டி.ஆர். பிழை என்றால் மனைவியையும் சோதிக்காமல் இக்ஸியில் இறங்கக்கூடாது. ஏ அல்லது பி பகுதி முழுவதும் இல்லாதவருக்கு விரையைக் கீறித் தேடினாலும் அணு கிடைக்காது. அறுவையும் பணமும் வீண். சி மட்டும் இல்லாதவர்களுக்கும், உபரி எக்ஸ் உள்ளவர்களுக்கும் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கிடைக்கிறது.

ஆகவே, விந்துப் பரிசோதனையில் ‘நில்’ என்று வந்தால் இன்னொரு முறை செய்து பாருங்கள். மறுபடியும் நில் என்றால் மனைவியை மேலும் ஒரு ஸ்கேனுக்கு அனுப்பாதீர்கள். கேரியோடைப்பும், ஒய்யில் சின்ன வெட்டுகளைத் தேடும் ஒய் மைக்ரோடெலீஷன் சோதனையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், அறுவைக்குத் தேதி குறிப்பதற்கு முன்னாலேயே கேளுங்கள். ரிப்போர்ட்டில் ஏ, பி, சி மூன்றும் தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.