வற்றாத கடலும் பிழைத்த கணக்கும்: வடக்குக் காட் மீன் வீழ்ந்த வரலாறு

1992 ஜூலை 2 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகரான செயின்ட் ஜான்ஸில், கனடாவின் மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி வடக்குக் காட் மீன்பிடிப்புக்கு இரண்டாண்டுத் தடை அறிவித்தார். ஏறத்தாழ 30,000 பேர் ஒரே நாளில் தொழிலிழந்தனர். கனடாவின் வரலாற்றில் அதுவரை அத்தனை பெரிய வேலையிழப்பு நிகழ்ந்ததில்லை. ஐந்து நூற்றாண்டுகளாக ஒரு மீனை நம்பியே உருவான கடலோரச் சிற்றூர்கள் அந்த மீன் இல்லாமல் வாழ வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டன.

இந்த வீழ்ச்சியைப் பேராசையின் விளைவு என்று மட்டும் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் வடக்குக் காட், அக்காலத்தில் உலகிலேயே மிக விரிவாக ஆராயப்பட்ட மீன்வளங்களுள் ஒன்று. ஆண்டுதோறும் ஆய்வுக் கப்பல்கள் சென்றன. கணித மாதிரிகள் இருந்தன. பயிற்சி பெற்ற அறிவியலாளர்கள் இருந்தனர். இத்தனை அறிவும் இருந்த இடத்தில் அழிவு எவ்வாறு நிகழ்ந்தது என்பதே வரலாற்று மாணவர் எழுப்ப வேண்டிய வினா.

காட் மீனைப் பற்றிய நவீன அறிவு நார்வேயில் தொடங்குகிறது. 1860களில் லொஃபோட்டன் தீவுகளருகே ஆய்வு செய்த ஜி. ஓ. சார்ஸ், காட் மீனின் முட்டைகள் கடலடியில் படிவதில்லை, நீரின் மேற்பரப்பில் மிதக்கின்றன என்று கண்டறிந்தார். பெரிய பெண் மீன் ஒன்று ஒரு பருவத்தில் பல லட்சம் முட்டைகளை இடும் என்பதும் அறியப்பட்டது. இத்தகைய பெருக்கத்தைக் கண்ட பின் கடல் வற்றும் என்று யார் நம்புவார்? 1883இல் லண்டனில் நடந்த பன்னாட்டு மீன்வளக் கண்காட்சியில் தாமஸ் ஹக்ஸ்லி, காட் முதலான பெருங்கடல் மீன்வளங்கள் வற்றாதவை என்று கருத்துரைத்தார். அன்றைய மீன்பிடி முறைகளைப் பொறுத்தவரை என்ற வரம்பையும் அவர் சேர்த்தே சொன்னார். பின்வந்தோர் முடிவை நினைவில் வைத்தனர், வரம்பை மறந்தனர்.

முட்டைகளின் எண்ணிக்கை மீன்களின் எண்ணிக்கையாகாது என்பதை 1914இல் விளக்கியவர் நார்வே அறிவியலாளர் யோஹான் யோர்ட். செதில்களில் பதியும் ஆண்டு வளையங்கள் போன்றவற்றைக் கொண்டு மீன்களின் வயதை அறிந்த அவர், சில ஆண்டுகளில் பிறந்த தலைமுறைகள் பெருகுவதையும் பிற ஆண்டுகளின் தலைமுறைகள் ஏறக்குறைய முற்றாக மடிவதையும் காட்டினார். பொரித்த குஞ்சுகளுக்கு முதல் நாள்களில் கிடைக்கும் இரையே தலைமுறையின் விதியைத் தீர்மானிக்கக்கூடும் என்பது அவரது கருதுகோள். முதிர்ந்த மீன்கள் பல ஆண்டுகள் உயிரோடிருந்து முட்டையிட்டால்தான் நல்ல ஆண்டு ஒன்று வாய்க்கும்போது இனம் பெருக முடியும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

ஹக்ஸ்லி சொன்ன வரம்பு 1950களில் உடைந்தது. 1954இல் பிரிட்டனின் ‘ஃபேர்ட்ரை’ என்னும் ஆலைக் கப்பல் கடலுக்கு வந்தது. பின்புறச் சரிவு வழியே இழுவை மடியை ஏற்றி, மீனைக் கப்பலிலேயே அறுத்து உறைய வைக்கும் முறை ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பரவியது. குளிர்காலத்தில் முட்டையிடத் திரளும் மீன்கூட்டங்களை ஆழ்கடலிலேயே வளைக்க முடிந்தது. 1968இல் வடக்குக் காட் பிடிப்பு 8 லட்சம் டன்னைத் தாண்டியது. அடுத்த பத்தாண்டுகளில் 1.5 லட்சம் டன்னுக்கும் கீழே சரிந்தது. 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை நிறுவி அயல்நாட்டுக் கப்பல்களைக் கட்டுப்படுத்தியது. ஆபத்து நீங்கியதாகவே பலரும் எண்ணினர். அயலார் விட்ட இடத்தைக் கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் நிரப்பின.

கணக்குப் பிழைத்தது இங்கேதான். மீன்வளத்தின் அளவை மதிப்பிட இரு சான்றுகள் பயன்பட்டன: ஆய்வுக் கப்பல்களின் மாதிரிப் பிடிப்பு, வணிகக் கப்பல்கள் ஒரு மணிநேர உழைப்புக்குப் பெறும் பிடிப்பு. பின்னது உயர்ந்துகொண்டே சென்றதால் மீன் பெருகுவதாகத் தோன்றியது. உண்மையில் கப்பல்களின் கருவிகள் மேம்பட்டிருந்தன. தலைவர்கள் மீன் திரளும் இடங்களைக் கற்றிருந்தனர். அதோடு, எண்ணிக்கை குறையக் குறைய எஞ்சிய காட் மீன்கள் சில இடங்களில் இன்னும் நெருக்கமாகத் திரண்டன. இந்த மிகைத்திரட்சியை ஜார்ஜ் ரோஸ், டேவிட் குல்கா ஆகியோர் 1999இல் விளக்கினர். மீன் அருகியபோதும் மடி நிறைந்தே வந்தது.

கரையோர மீனவர்களின் அனுபவம் வேறு. கோடையில் கேப்லின் மீனைத் துரத்திக் கரைக்கு வரும் காட் மீனை நிலையான பொறிவலைகளில் பிடிப்பவர்கள் அவர்கள். மீனைத் தேடிச் செல்லாததால் அவர்களின் வலை, கடலில் உள்ளதை ஓரளவு நேர்மையாகக் காட்டியது. 1980களின் நடுப்பகுதியிலேயே பிடிப்புக் குறைகிறது, மீன் சிறுக்கிறது என்று அவர்கள் முறையிட்டனர். கரையோர நீர் குளிர்ந்ததால் மீன் வரவில்லை என்ற விளக்கமே விடையாகக் கிடைத்தது. அவர்களின் சங்கம் தானே ஆய்வாளர்களை அமர்த்தி, அரசின் மதிப்பீடு மிகையானது என்ற அறிக்கையை 1986இல் பெற்றது.

1989இல் அரசு அறிவியலாளர்களே தம் மதிப்பீட்டைத் திருத்தி, பிடிப்பளவை 1.25 லட்சம் டன்னாகக் குறைக்க வேண்டியிருக்கும் என்றனர். வேலையிழப்புக்கு அஞ்சிய அரசு அவ்வாண்டுக்கு 2.35 லட்சம் டன் அனுமதித்தது. லெஸ்லி ஹாரிஸ் தலைமையிலான குழு 1990இல் தந்த அறிக்கையும் முந்தைய மதிப்பீடுகளின் பிழையை உறுதி செய்தது. வேலையைக் காக்க எடுத்த முடிவே சில ஆண்டுகளில் எல்லா வேலைகளையும் பறித்தது.

பின்னர்க் காரணம் பற்றிய விவாதம் எழுந்தது. குளிர்ந்த நீரையும் கடல்நாய்களையும் சிலர் சுட்டினர். இதே அளவு குளிர்ந்த காலங்களை வடக்குக் காட் முன்பும் கடந்திருக்கிறது என்று காட்டி, மிகைப்பிடிப்பே முதற்காரணம் என ஜெஃப்ரி ஹட்சிங்ஸ், ரான்சம் மயர்ஸ் இருவரும் 1994இல் வாதிட்டனர். 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு, வீழ்ச்சிக்கு முன்பே மீன்கள் குறைந்த வயதிலும் சிறிய உருவிலும் முதிர்ச்சியடையத் தொடங்கியிருந்தன என்று காட்டியது. பெரிய மீன்களை வலை தொடர்ந்து அகற்றியதால் நேர்ந்த விரைவான பரிணாம மாற்றம் என்று ஆய்வாளர்கள் அதனைக் கருதினர்.

இரண்டாண்டு என்று அறிவித்த தடை, இடையில் கரையோரத்துக்கு அளித்த சிறு அனுமதிகள் நீங்கலாக, 2024 ஜூன் வரை நீடித்தது. அப்போது அனுமதித்த அளவு 18,000 டன். அதற்கு முன்பே, புதிய மாதிரி ஒன்றின் அடிப்படையில் அபாய எல்லை கீழிறக்கப்பட்டிருந்தது. கடலில் மீன் கூடியதா, கோடு இறங்கியதா என்ற வினா மீண்டும் எழுகிறது. 1980களிலும் இதே வினாவைத்தான் பொறிவலைக்காரர்கள் வேறு சொற்களில் கேட்டார்கள்.